நீதிபதி தனியறையில் படித்த கோப்பு

எண்பதுகளின் நடுவில் ஒரு வாடைக்காலத்து இரவு. தங்கச்சிமடத்தைச் சேர்ந்த மீனவர் ஒருவர் வடகடலுக்குத் தொழிலுக்குப் போனார். அவர் போன விசைப்படகு மறுநாள் கரைக்குத் திரும்பியது. அவர் திரும்பவில்லை. உடலும் எங்கும் ஒதுங்கவில்லை. அவருடைய மனைவி ராமநாதபுரத்தில் என் அலுவலகப் படியேறியபோது எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

பெரிய தொகைக்கான வழக்குகளையும், பத்திரிகையில் பேசப்பட்ட வழக்குகளையும் நான் நடத்தியிருக்கிறேன். ஆனால் சட்டம் படிக்கும் பிள்ளைகள் வந்து "சார், ஒரு வழக்கு சொல்லுங்க" என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இந்த மீனவக் குடும்பத்தின் காப்பீட்டுத் தொகை, அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி இழந்த கதை, இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கு, கச்சத்தீவு ஒப்பந்தம் என எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான் இருந்தது. அரசாங்கத்தின் பீரோவில் இருக்கும் காகிதத்தைக் கேட்க குடிமக்களுக்கு உரிமை உண்டா?

அந்த அம்மா இறால் கம்பெனியில் உரிக்கும் வேலை பார்த்தார். இறால் அடைக்கும் கனத்த பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு கடிதங்களை நனையாமல் வைத்திருந்தார். முதல் கடிதம், கணவர் காணாமல் போன சில மாதங்களில் காப்பீட்டு நிறுவனம் அனுப்பியது. உடல் கிடைக்கவில்லை, இறப்புச் சான்றிதழ் இல்லை, எனவே ஏழாண்டு கழித்து உரிய ஆவணங்களோடு விண்ணப்பிக்கவும் என்றது. அவரும் ஏழாண்டு பொறுத்திருந்து விண்ணப்பித்தார். அதற்கு வந்த பதில் இரண்டாவது கடிதம். மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீடு குறிப்பிட்ட ஓராண்டுக்கு மட்டுமே நடப்பில் இருந்தது, அந்த ஓராண்டுக்குள் அவர் விபத்தில் இறந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்றது.

"ஏழு வருசம் கழிச்சு வான்னாங்க, வந்துட்டேன். இப்ப எந்த ராத்திரி செத்தாருன்னு கேக்குறாங்க. அத நான் யாருகிட்டய்யா போயிக் கேப்பேன்?" என்றார். அழவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார்.

சட்டப்படி அந்த நிறுவனத்தின் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் எனக்குச் சங்கடம். அப்போதிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு, முப்பது ஆண்டுகளுக்குள் உயிரோடு இருந்ததாகத் தெரிந்த ஒருவரை இறந்துவிட்டார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. 108-ஆம் பிரிவு அதற்கு விலக்கு. இயல்பாகத் தகவல் கிடைக்கவேண்டியவர்களுக்கு ஏழாண்டுகளாக அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஆனால் இந்த அனுமானம் இறந்துவிட்டார் என்ற அளவோடு நின்றுவிடும். எந்தத் தேதியில் இறந்தார் என்பதைப் பிரிவு சொல்லாது. உச்ச நீதிமன்றமும் பிற்பாடு 2004-இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் இதையே உறுதிசெய்தது. ஏழாண்டு காத்திருந்ததால் அந்த அம்மாவுக்குக் கணவர் இறந்தார் என்ற அனுமானம் கிடைக்கும், பணம் கிடைக்காது. பணத்துக்கு அந்த இரவைச் சாட்சி வைத்து நிரூபித்தாக வேண்டும்.

சாட்சி ஒருவர் இருந்தார். அதே படகில் போனவர், ஐம்பதைத் தாண்டியவர், கைநாட்டு. அவரை வரவழைத்துப் பேசினேன். முதல் தகவல் அறிக்கையைப் படித்துக் காட்டினேன். "மீன்பிடிக்கச் சென்ற இடத்தில் தவறி விழுந்து காணவில்லை" என்று படகின் உரிமையாளரான சம்மாட்டி கொடுத்த புகார் அது. எந்த இடம், எத்தனை மணி, எதுவுமே அதில் இல்லை.

"இடம் ஏண்ணே இல்லை?"

"எழுதக்கூடாதுன்னாரு சம்மாட்டி. கச்சத்தீவுக்குக் கிட்டன்னு எழுதுனா படகை முடக்கிருவாங்கன்னாரு."

பிறகு நடந்ததைச் சொன்னார். பாம்பனிலிருந்தும் ராமேசுவரத்திலிருந்தும் போன படகுகள் பல அன்று அந்தப் பக்கம் நின்றன. மடியை இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு ரோந்துப் படகு விளக்கடித்தது. அடுத்துச் சுட்டது. பின்பக்கம் கயிற்றைப் பிடித்து நின்றவர் சரிந்து கடலில் விழுந்தார். இவர்கள் விளக்கை அணைத்துவிட்டு, கொஞ்ச தூரம் ஒதுங்கி, விடியும்வரை தேடினார்கள். எந்த நாட்டுப் படகு சுட்டது என்று அவர் சொல்லவில்லை. இருட்டில் தெரியவில்லை என்றார். என் வழக்குக்கு அது தேவையும் இல்லை. அன்று இரவு, அந்த இடத்தில், அவர் கண் முன்னே அந்த மனிதர் இறந்தார் என்பது போதும்.

ஆனால் அங்கேதான் இடுக்கி இருந்தது. இடத்தைச் சொல்லாமல் சாவை நிரூபிக்க முடியாது. இடத்தைச் சொன்னால், காப்பீட்டுப் பத்திரத்தின் விலக்கு விதி வந்து நிற்கும். குற்ற நோக்கத்தோடு சட்டத்தை மீறும்போது ஏற்படும் விபத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்ற விதி. எல்லை தாண்டிப் போனவர் சட்டத்தை மீறியவர் என்று சொல்லிவிடலாம். நான் உண்மையைச் சொல்லியே வழக்கை நடத்துவது என்று முடிவெடுத்தேன். சாட்சிக்கும் அதைத்தான் சொன்னேன். "நடந்ததை நடந்தபடி சொல்லுங்கண்ணே. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

கச்சத்தீவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ராமேசுவரத்துக்கு வடகிழக்கே, 285 ஏக்கர் பரப்பில், குடிக்கத் தண்ணீர் இல்லாத தீவு. ராமநாதபுரம் சமஸ்தானத்தின் கணக்கில் இருந்தது. சாயவேர் எடுக்கவும் சங்கு குளிக்கவும் சமஸ்தானம் அதைக் குத்தகைக்கு விட்ட பத்திரங்கள் உண்டு. அங்குள்ள அந்தோணியார் கோயிலை, தொண்டிக்குப் பக்கத்து நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி கட்டினார் என்று எங்கள் கரையில் சொல்வார்கள். இரண்டு கரைத் தமிழரும் திருவிழாவுக்குக் கூடி, சம்பந்தம் பேசி, சாமான் மாற்றிக்கொண்டு திரும்பிய இடம் அது.

1974 ஜூன் 26-இல் கொழும்பில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும், 28-இல் டெல்லியில் இந்திரா காந்தியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, கடல் எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைலில் விழுந்தது. தீவு இலங்கைப் பக்கம் போனது. ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்றது. ஆறாம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் ஒன்றன் கடலில் மற்றொன்று வழிவழியாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்றது. ஜூலை 23-இல் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் இதை அறிவித்தார். எங்கள் தொகுதியின் உறுப்பினர் பி.கே.மூக்கையா தேவர் எழுந்து எதிர்த்தார். அவையின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. கையெழுத்தாகிவிட்டது என்ற செய்திதான் அவைக்கு வந்தது. ஆகஸ்டு 21-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒப்பந்தத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 1976 ஜனவரி 31-இல் தமிழ்நாட்டு ஆட்சியே கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலை. அடுத்த மார்ச் 23-இல் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றன. அந்தக் கடிதங்களில் கச்சத்தீவு என்ற பெயரே இல்லை. ஆனால் ஆறாம் பிரிவில் எங்கள் மக்கள் நம்பியிருந்த உரிமையை அவை விழுங்கிவிட்டன.

ஆக, என் கட்சிக்காரரின் கணவர் இறந்த இடத்தைப் பற்றி 1974-இன் காகிதம் ஒன்று சொல்லியது, 1976-இன் காகிதம் வேறொன்று சொல்லியது. இரண்டையும் எழுதும்போது அந்தக் கடலில் தொழில் செய்தவர்களை யாரும் கேட்கவில்லை.

வழக்கு தாக்கலானது. முதலில் அந்த அம்மாவைக் கூண்டில் ஏற்றினேன். எதிர்த் தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். அந்த அம்மாவின் குடும்ப அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதில் உங்கள் கணவர் பெயர் இன்னும் இருக்கிறதே? அவர் பங்கு அரிசியும் வாங்குகிறீர்களே? அப்படியானால் உயிரோடு இருக்கிறார் என்றுதானே அர்த்தம்?"

"பேரை எடுக்கணும்னா செத்த சர்டிபிகேட் கேக்குறாங்கய்யா. சர்டிபிகேட்டு கேட்டா கோர்ட்டுக்குப் போகச் சொல்றாங்க. அதான் கோர்ட்டுக்கு வந்திருக்கேன்."

நீதிபதி அந்தப் பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே பதிவுசெய்யச் சொன்னார்.

படகில் போனவரின் சாட்சியம்தான் எனக்குக் கவலை தந்தது. எட்டாண்டு கழித்துக் கூண்டில் நின்று, புகாரில் இல்லாத ஒரு கதையைச் சொன்னால், காப்பீட்டுத் தொகைக்காகப் பின்னால் ஜோடித்தது என்று தள்ளிவிடலாம். அவரிடம் மறுபடியும் பேசியபோதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. "மூணாம் நாளே ஆபீசருங்க வந்து எல்லாத்தையும் எழுதிட்டுப் போனாங்களே. நான் கைநாட்டு வச்சேனே." சம்பவம் பற்றி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப, ஓர் அரசுத் துறையின் மாவட்ட அலுவலர்கள் ஊருக்கு வந்து படகில் போனவர்களிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். சாட்சியச் சட்டத்தின் 157-ஆம் பிரிவுப்படி, சம்பவத்தை ஒட்டிய காலத்தில் ஒரு சாட்சி சொன்ன முந்தைய வாக்குமூலம் அவருடைய பிந்தைய சாட்சியத்துக்கு வலு சேர்க்கும். எனக்கு வேண்டியது அந்தக் காகிதம்.

கோப்பை வரவழைக்க மனுப் போட்டேன். கோப்பு இருக்கிறது, ஆனால் தர முடியாது என்று பதில் வந்தது. காரணம், 123-ஆம் பிரிவு. அரசு விவகாரங்கள் பற்றிய வெளியிடப்படாத ஆவணங்களைத் துறைத் தலைவரின் அனுமதி இல்லாமல் சாட்சியமாக்க முடியாது என்னும் பிரிவு. அயல்நாட்டு உறவைத் தொடும் விவகாரம், எனவே சலுகை உரிமை கோருகிறோம் என்றார் அரசு வழக்கறிஞர்.

அந்த வாய்தா முடிந்து வெளியே வந்தபோது என் நினைவு 1974-க்குப் போனது. நான் ஜூனியராகச் சேர்ந்த புதிது. கச்சத்தீவைப் பற்றி மக்களவையில் மூக்கையா தேவர் பேசியது ஜூலை 23. அதற்கு மறுநாள், ஜூலை 24-இல், வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிக்சன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பார் அறையில் இரண்டையும் சேர்த்தே பேசினோம். நிக்சன் ஒலிநாடாவைக் கொடுப்பாரா, நீதிமன்றத்தையே மீறுவாரா என்று பந்தயம் கட்டாத குறை. இருபது ஆண்டுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில், அந்த வழக்கின் கேள்வியே என் கையில் வந்து நிற்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த விடுமுறைக்கு ராமேசுவரம் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போனேன். ஒப்பந்தத்தின் வாசகத்தையும் மக்களவை நடவடிக்கைக் குறிப்பையும் கன்னிமாரா நூலகத்தில் எடுத்தேன். அங்கிருந்து ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இருந்த நூலகத்துக்குப் போய், அவர்கள் உச்ச நீதிமன்ற அறிக்கையின் 418-ஆம் தொகுதியைக் கேட்டு வாங்கினேன். 683-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது அந்தத் தீர்ப்பு.

விவரம் இதுதான். 1972 ஜூன் 17-இல் வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் பிடிபட்டார்கள். விசாரணை மேலே மேலே போனது. வெள்ளை மாளிகையில் பேசுவதெல்லாம் ஒலிநாடாவில் பதிவாகிறது என்பதை 1973 ஜூலையில் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டு என்ற முன்னாள் உதவியாளர் செனட் குழுவிடம் சொன்னார். நாடாக்களைத் தரும்படி கேட்ட தனி வழக்கறிஞர் ஆர்ச்சிபால்டு காக்ஸ் அந்த அக்டோபரில் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த லியோன் ஜவோர்ஸ்கியும் விடவில்லை. 64 உரையாடல்களின் பதிவுகளைக் கேட்டு விசாரணை நீதிபதி ஜான் சிரிக்கா வழியாக ஆணை பெற்றார். அதிபரின் பேச்சு ரகசியமானது, எந்த நீதிமன்றமும் அதில் தலையிட முடியாது என்று நிக்சன் உச்ச நீதிமன்றம் வரை போனார்.

எட்டுக்குப் பூஜ்யம் என்று தீர்ப்பு. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கரை நியமித்ததே நிக்சன். பிளாக்மன், பவல் ஆகிய இருவரும் அவர் நியமித்தவர்களே. அவர் நியமித்த இன்னொருவரான ரென்குவிஸ்ட் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். அதிபருக்கு ரகசியக் காப்புரிமை உண்டு, ஆனால் அது முழுமையானது அல்ல, குற்ற வழக்கின் நீதிக்குத் தேவையான சாட்சியத்தின் முன் அது வழிவிட வேண்டும் என்றது நீதிமன்றம். அதோடு ஒரு நடைமுறையையும் வகுத்தது. நாடாக்கள் நேரே எதிர்த் தரப்பின் கைக்குப் போகா. முதலில் நீதிபதி தனியறையில் கேட்பார், வழக்குக்கு வேண்டியதை மட்டும் பிரித்து வெளியே கொடுப்பார். ஆகஸ்டு 5-இல் வெளியான பதிவொன்றில், விசாரணையைத் திசைதிருப்ப நிக்சனே சம்மதித்தது தெரிந்தது. 9-ஆம் தேதி அவர் பதவியை விட்டுப் போனார்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு எதிரான வரியும் இருந்தது. ராணுவ, ராஜதந்திர ரகசியம் என்றால் நீதிமன்றம் கூடுதலாக ஒதுங்கி நிற்கும் என்கிறது. அரசு வழக்கறிஞர் அதைத்தான் பிடிப்பார். தவிர, அமெரிக்கத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நம் நாட்டிலேயே அதற்கு இணையானது ஒன்று வேண்டும்.

இருந்தது, அதுவும் ஆறு மாதம் கழித்து வந்தது. ரேபரேலியில் இந்திரா காந்தியின் வெற்றியை எதிர்த்து ராஜ் நாராயண் தொடுத்த தேர்தல் வழக்கில், பிரதமரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புக்கான நீலப் புத்தகத்தை அவர் கேட்டார். உத்தரப் பிரதேச அரசு அதே 123-ஆம் பிரிவைக் காட்டி மறுத்தது. 1975 ஜனவரி 24-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. நம் தமிழ்நாட்டு நீதிபதி அழகிரிசாமியும் அமர்வில் இருந்தார். சலுகை உரிமை கோரினால் துறைத் தலைவர் மனம் செலுத்திப் படித்துப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும், ஐயம் இருந்தால் நீதிமன்றமே ஆவணத்தைப் பார்க்கலாம், வெளியிடத் தகாத பகுதியை மூடிவிட்டு மற்றதைக் கொடுக்கலாம் என்றது தீர்ப்பு. நீதிபதி மேத்யூ தனியாக எழுதியதில், அரசு செய்யும் பொதுக் காரியங்களை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்றார். அதே தேர்தல் வழக்கில்தான் ஜூன் 12-இல் அலகாபாத் தீர்ப்பு வந்தது, அந்த மாதமே நெருக்கடி நிலையும் வந்தது.

மனு மீதான வாதத்தில் நான் ராஜ் நாராயண் தீர்ப்பை முன்னே வைத்தேன், நிக்சன் தீர்ப்பைத் துணைக்கு வைத்தேன். முதலில், எனக்கு வந்திருப்பது ஓர் அலுவலகப் பணியாளர் கையெழுத்திட்ட குறிப்பு, சட்டம் கேட்பது துறைத் தலைவரின் பிரமாணப் பத்திரம் என்றேன். நீதிபதி ஒப்புக்கொண்டு கெடு கொடுத்தார். சில மாதம் கழித்துச் சென்னையிலிருந்து பிரமாணப் பத்திரம் வந்தது. அயல்நாட்டு உறவு என்றே அதுவும் சொன்னது.

"இரண்டு அரசாங்கங்கள் என்ன எழுதிக்கொண்டன என்று நான் கேட்கவில்லை. ஒரு மீனவர் தன் கூட்டாளி கண் முன்னே செத்ததைச் சொல்லிக் கைநாட்டு வைத்த தாளைக் கேட்கிறேன். அந்தத் தாள் முதலில் அவருடைய வாய்ச்சொல், அப்புறம்தான் அரசாங்க ஆவணம். எங்களுக்குக் காட்ட வேண்டாம். கனம் நீதிபதி தனியறையில் படித்துப் பார்த்து முடிவு செய்யட்டும். அமெரிக்க அதிபரின் ஒலிநாடாவுக்கே அந்த வழி போதும் என்றார்கள்" என்று முடித்தேன்.

முத்திரையிட்ட உறையில் கோப்பு வந்தது. நீதிபதி தனியறையில் படித்தார். அடுத்த வாய்தாவில் மூன்று பத்தியில் உத்தரவு. துறைகளுக்கிடையேயான கடிதங்கள் வெளியிடப்பட வேண்டியதில்லை. வாக்குமூலத் தாளும், அதை அனுப்பிவைத்த தேதியிட்ட முகப்புத் தாளும் மட்டும் வழக்கில் சேர்க்கப்படும். கோப்பு திரும்பப் போய்விட்டது. இரண்டு தாள்கள் எங்கள் சான்றாவணமாகத் தங்கின.

பிறகுதான் படகில் போனவரைக் கூண்டில் ஏற்றினேன். எதிர்த் தரப்பு வக்கீல் வரைபடத்தை விரித்து, எல்லைக்கோட்டைக் காட்டி, எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று கேட்டார். சாட்சி வரைபடத்தைப் பார்க்கவில்லை. "எஞ்சின் ரெண்டரை மணி ஓட்டம். ஆறு பாகம் தண்ணி, சேத்துத்தரை. கோயில் கீழக்கால தெரிஞ்சிச்சு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்" என்றார். எட்டாண்டுக்கு முந்தைய வாக்குமூலத் தாளிலும் அதே ரெண்டரை மணி, அதே ஆறு பாகம், அதே சேற்றுத்தரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீதிபதி படித்தபோது, ஜோடித்த கதை என்ற வாதம் அங்கேயே விழுந்துவிட்டது.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகம். அந்த இரவில் அவர் விபத்தில் இறந்தது நேரடிச் சாட்சியத்தால் நிரூபணமாகிவிட்டதால் 108-ஆம் பிரிவின் அனுமானமே தேவையில்லை என்றார் நீதிபதி. விலக்கு விதியைக் காட்டுபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றார். வழிவழியாகப் போய்வந்த கடலில், 1974 ஒப்பந்தமே அங்கீகரித்த தொழிலுக்குப் போனவருக்குக் குற்ற நோக்கம் இருந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. 1976 கடிதங்கள் இரு அரசுகளுக்கு இடையிலானவை, அவற்றை வைத்து ஒரு மீனவரின் மனத்தில் குற்ற எண்ணத்தைப் புகுத்த முடியாது. வட்டியோடு டிக்கிரி ஆனது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போகாமல் கட்டிவிட்டது. தீர்ப்பு நகலை வைத்து இறப்புப் பதிவும் ஆனது. அதன் பிறகே பங்குக் கோயிலில் அவருக்கு இறந்தோர் பூசை வைத்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு என் மனத்தில் நிற்கும் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மக்களின் தலைக்கு மேலே எடுக்கப்படும் முடிவு, கடைசியில் நிரூபிக்கும் பொறுப்பாக மக்களின் தலையிலேயே விழுகிறது. இரண்டு தலைநகரங்களில் கையெழுத்தானது ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் தன் கணவர் செத்தார் என்று பதில் சொல்ல வேண்டியவர் இறால் உரிக்கும் ஒரு பெண்.

இதற்கு மாறாக, அமெரிக்காவின் கையில் இருந்த பனாமாக் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பனாமாவுக்குத் திருப்பிக் கொடுக்க 1977 செப்டம்பரில் அதிபர் கார்ட்டர் ஒப்பந்தம் போட்டார். முந்தைய ஆண்டு, குடியரசுக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் ஃபோர்டை எதிர்த்து ரீகன் ஊர் ஊராகப் பேசியதே இந்தக் கால்வாயை விடக்கூடாது என்றுதான். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இல்லாமல் அங்கே ஒப்பந்தம் நிறைவேறாது. வாரக்கணக்கில் நடந்த விவாதம் வானொலியில் நேரடியாக ஒலிபரப்பானது. 1978-இல் இரண்டு ஒப்பந்தங்களும் 68-க்கு 32 என்று தேறின. வேண்டியது 67. ஒரே ஓட்டில் பிழைத்தது. கால்வாய் 1999 டிசம்பர் 31-இல் கைமாறியது. எதிர்த்தவர்களும் தங்கள் வாதம் கேட்கப்பட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவைத் தூக்கிப் பிடிக்க இதைச் சொல்லவில்லை. கம்போடியா மீது 1969-இல் தொடங்கிய குண்டுவீச்சை நிக்சன் தன் நாட்டுக் காங்கிரஸுக்கே மறைத்தவர். எந்த நாட்டிலும் அதிகாரத்தின் முதல் சுபாவம் மறைப்பதுதான். மறைக்க விடாத ஏற்பாடு இருக்கிறதா என்பதே கேள்வி.

நம்மிடமும் அந்த ஏற்பாடு உண்டு. பெருபாரி என்ற பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க நேரு ஒப்புக்கொண்டபோது, 1960-இல் உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் நிலம் கொடுக்க முடியாது என்றது. ஒன்பதாவது திருத்தம் வந்தது. 2015-இல் வங்கதேசத்தோடு நிலம் மாற்றிக்கொள்ள நூறாவது திருத்தம் வந்தது. கச்சத்தீவில் அது தேவையில்லை, அது ஒருபோதும் இந்தியாவுடையது என்று முடிவாகாத தகராறு நிலம், தகராறைத் தீர்த்தோம் என்பது மத்திய அரசின் வாதம். கட்ச் எல்லை வழக்கில் 1969-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த வாதத்துக்குத் துணை. கச்சத்தீவு ஒப்பந்தத்தை எதிர்த்து ஜெயலலிதா 2008-இலும் கருணாநிதி 2013-இலும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். சட்டம் எப்படி இருந்தாலும், நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வைத்து, ராமேசுவரத்து மீனவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 1974 ஜூனில் வெளியுறவுச் செயலர் கேவல் சிங் முதல்வர் கருணாநிதியைச் சந்தித்துப் பேசிய விவரம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் வெளியே வந்தது. ஐம்பதாண்டு கழித்து, மேடைப் பேச்சுக்குப் பயன்பட்டது. வரவேண்டிய காலத்தில் வந்திருந்தால் எங்கள் மக்களுக்குப் பயன்பட்டிருக்கும்.

கடற்கரை ஊர்களில் கூட்டம் போட்டால் நான் தவறாமல் சொல்வது சில. ஒருவர் கடலில் காணாமல் போனால் மறுநாளே புகார் கொடுங்கள், எந்த இடம் என்பதை உள்ளபடி எழுதுங்கள். சம்மாட்டிக்கோ அதிகாரிக்கோ பயந்து இடத்தை மறைத்தால், எட்டாண்டு கழித்து அந்த மறைப்பே உங்களை எதிர்த்துச் சாட்சி சொல்லும். படகில் போன ஒவ்வொருவரின் வாக்குமூலத்துக்கும் நகல் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டு தகவல் சட்டத்தில் மனுப் போடுங்கள். அயல்நாட்டு உறவு என்று 8-ஆம் பிரிவைக் காட்டினால், பொதுநலன் பெரிதானால் கொடுக்கலாம் என்று அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்வதைக் காட்டுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாட்சிய அதிநியமம் வந்துவிட்டது. 108 இப்போது 111, 123 இப்போது 129. எண் மாறியிருக்கிறது, வாதம் மாறவில்லை.

இளம் வக்கீல்களுக்கும் ஒன்று சொல்வேன். கோப்பு தர முடியாது என்று அரசு சொல்வதோடு வழக்கை மூடிவிடாதீர்கள். துறைத் தலைவர் படித்துப் பார்த்தாரா என்று கேளுங்கள், பிரமாணப் பத்திரம் கேளுங்கள், நீதிபதியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், முழுக் கோப்பு இல்லாவிட்டால் ஒரு தாளாவது கேளுங்கள். வெள்ளை மாளிகைக்கு எதிராக அந்தக் கேள்வி எடுபட்டது. ராமநாதபுரத்திலும் எடுபட்டது. கேட்பதற்கு ஆள் இருந்தால் எங்கும் எடுபடும்.